அம்மாவின் செல்பேசிக்கு வரும் ஓடிபி: ஒரு நிகழ்வு ஆய்வு

குடும்ப ஆலோசனைக்கு வரும் இளம்பெண்கள் அடிக்கடி சொல்லும் குறைகளில் ஒன்று இது: "நான் காதலிப்பவர் நல்ல மனிதர்தான். ஆனால் அவருக்கு எல்லாவற்றையும் இன்னும் அவருடைய அம்மாதான் செய்கிறார்." இதைக் கேட்டதும் ஊர் இரண்டாகப் பிரிந்துவிடும். ஒரு சாரார் அந்தத் தாயைக் கரித்துக்கொட்டுவார்கள். மற்றவர்கள், "பெற்றவள் பிள்ளைக்குச் செய்வதில் என்ன குற்றம்?" என்று அந்தப் பெண்ணின் வாயை அடைப்பார்கள். இரு தரப்பும் பேசுவது இரண்டு பெண்களைப் பற்றி. முப்பதைத் தாண்டிய அந்த ஆணைப் பற்றி ஒருவரும் பேசுவதில்லை. அவனிடம் கேட்க வேண்டிய கேள்விகள் நிறைய இருக்கின்றன என்பதற்காகவே இந்த நிகழ்வை விரிவாக எழுதுகிறேன்.

அடையாளம் காட்டும் விவரங்களை நீக்கியிருக்கிறேன். காதலர்களை அவள், அவன் என்றும் தாயை அவர் என்றும் குறிப்பிடுகிறேன். எல்லோரையும் 'அவர்' என்றால் யார் எதைச் சொன்னார் என்பது குழம்பிவிடும்.

அவள் சொன்னது

அவளுக்கு 29 வயது, அவனுக்கு 31. இரண்டு ஆண்டுகளாகப் பழகுகிறார்கள். கல்லூரிக் காலத்திலிருந்தே வெளியில் தங்கிப் படித்து, வேலை பார்த்து, தன் காரியங்களைத் தானே கவனித்துப் பழகியவள் அவள். அவன் ஒரு கட்டுமான நிறுவனத்தில் பொறியாளன். பெற்றோருடன் இருந்தவன், வேலை நடக்கும் இடத்துக்குப் பக்கத்தில் இருக்கட்டும் என்று எட்டு மாதங்களுக்கு முன்புதான் தனி வீடு எடுத்திருந்தான். இனி எல்லாம் மாறும் என்று அவள் நம்பியிருக்கிறாள். முகவரி மட்டும்தான் மாறியது. வீட்டின் இரண்டாவது சாவி அம்மாவிடம் போனது. அவன் வேலைக்குப் போயிருக்கும் நேரத்தில், வாரத்தில் இரண்டு நாள் அவர் வருவார். பெருக்கித் துடைத்து, துணி துவைத்து, இஸ்திரி போட்டு, குளிர்சாதனப் பெட்டியை நிரப்பிவிட்டுப் போவார். மின் கட்டணம் கட்டுவது அவர். பல் மருத்துவரிடம் நேரம் வாங்குவது அவர். வரிக் கணக்குக்கான காகிதங்கள் அவரிடம். காலையில் செல்பேசியில் அழைத்து எழுப்புவதும் அவர்.

இவற்றையெல்லாம் அவள் ஓரளவு பொறுத்துக்கொண்டுதான் இருந்தாள். என்னிடம் வந்ததற்குக் காரணம் அடுத்தடுத்து நடந்த இரண்டு சம்பவங்கள்.

ஒரு விடுமுறை நாளில் அவன் வீட்டுக்குப் போனவள், வாசற்கதவின் உட்புறக் கொக்கியில் ஒரு துணிப்பை தொங்குவதைப் பார்த்தாள். குளியலறையில் அவள் வைத்திருந்த சீப்பு, மேசைமேல் விட்டுப்போன பாதி படித்த புத்தகம், மூக்குக்கண்ணாடிக் கூடு, செல்பேசி சார்ஜர் எல்லாம் அதற்குள் இருந்தன. சார்ஜரின் ஒயர் ஒழுங்காகச் சுற்றப்பட்டு ரப்பர் பேண்ட் போடப்பட்டிருந்தது. புத்தகத்தில் அவள் மடித்து வைத்திருந்த பக்கத்தை நிமிர்த்திவிட்டு, அங்கே ஒரு காகிதத் துண்டைச் செருகியிருந்தார்கள். "அந்த அக்கறைதான் என்னைக் கொன்றது," என்றாள். "தூக்கி எறிந்திருந்தால் சண்டை போட்டிருப்பேன். இவ்வளவு பொறுப்பாக எடுத்துக் கட்டி, வாசலில் மாட்டினால் என்ன சொல்ல முடியும்?" அவன் சொன்னது ஒரே வரி: "அம்மா ஒதுக்கி வைத்திருப்பார், நீ எதையும் மனதில் வைத்துக்கொள்ளாதே."

அடுத்த சம்பவம் பணம் சம்பந்தப்பட்டது. இருவரும் சேர்ந்து வாழ்வதற்கு ஒரு வீடு பார்த்தார்கள், இருவருக்கும் பிடித்திருந்தது. முன்பணத்தை அன்றே கட்ட வேண்டும். அவள் தன் பங்கை அனுப்பிவிட்டாள். அவன் செல்பேசியைக் கையில் வைத்துக்கொண்டு சும்மா உட்கார்ந்திருந்தான். கேட்டால், வங்கிக் கணக்கில் பதிந்திருப்பது அம்மாவின் எண் என்றான். கல்லூரியில் சேர்ந்தபோது திறந்த கணக்கு, அப்படியே இருக்கிறது. பணம் அனுப்ப வேண்டுமானால் ஓடிபி அம்மாவின் செல்பேசிக்குத்தான் வரும். அம்மாவிடம் இந்த வீட்டைப் பற்றி அவன் இன்னும் சொல்லவில்லை. "சாயங்காலம் நேரம் பார்த்துச் சொல்லிக் கேட்கிறேன்," என்றான். சாயங்காலம் சொல்லவில்லை. மறுநாள் அந்த வீடு வேறொருவருக்குப் போய்விட்டது.

"அவனுக்கு அம்மாமேல் பிரியம் இருப்பது எனக்கும் பிடிக்கும். ஆனால் 31 வயது ஆள் தன் சம்பளத்தை எடுக்க இன்னொருவரைக் கேட்க வேண்டியிருக்கிறது. அதில் வெட்கமே இல்லாமல் உட்கார்ந்திருக்கிறான். நான் பிரிந்துவிடட்டுமா?" என்று கேட்டாள்.

அம்மா வராத வாரத்தில்

அவளிடம் நான் முதலில் கேட்டது: "அம்மா வராத வாரத்தில் அந்த வீட்டில் என்ன நடக்கும்?"

சற்று யோசித்தவள், "நான் செய்வேன்," என்றாள். உடனே திருத்திக்கொண்டாள்: "அவனும் செய்வான்." இரண்டுமே உண்மைதான். தாய் ஊரில் இல்லாத ஒரு மாதம் துணி துவைத்தது அவன். துணி சேர்ந்துவிட்டது என்று சொன்னது அவள். மருத்துவரிடம் போனது அவன். தேதியை நினைவூட்டியது அவள். தங்கையின் பிறந்தநாளுக்குப் பரிசு வாங்கியது அவன். பிறந்தநாள் வருகிறது, இன்னது வாங்கலாம் என்று யோசித்தது அவள்.

அமெரிக்கச் சமூகவியலாளர் அலிசன் டாமிங்கர் 2019-இல் வெளியிட்ட ஆய்வு ஒன்று, வீட்டு வேலையின் கண்ணுக்குத் தெரியாத பாதியை நான்காகப் பிரித்துக் காட்டியது: தேவையை முன்கூட்டியே உணர்தல், அதைத் தீர்க்கும் வழிகளைத் தேடுதல், முடிவெடுத்தல், காரியம் நடக்கிறதா என்று கவனித்துக்கொண்டே இருத்தல். அவர் பேட்டி கண்ட தம்பதியரிடையே முடிவெடுப்பது பெரும்பாலும் பொதுவாக இருந்தது. முன்கூட்டி உணர்வதும் தொடர்ந்து கவனிப்பதும்தான் பெண்கள் தலையில் கூடுதலாக விழுந்திருந்தன. எங்கள் நிகழ்விலும் அதுதான். தாய் இல்லாதபோது கைவேலை மகனுக்கு மாறியது. தலைவேலை காதலிக்கு மாறியது. தாயின் வேலை அப்படியே இருந்தது, ஆள்தான் மாறியிருந்தாள்.

இதை அவளிடம் சொன்னபோது கோபப்பட்டாள். கோபப்பட அவளுக்கு முழு உரிமை உண்டு. அவள் விரும்பி ஏற்ற பொறுப்பு அல்ல அது. யாரும் எடுக்காததால் அவள் கைக்கு வந்தது. ஆனால் இந்தக் கட்டத்தில் ஒன்றைத் தெளிவாகப் பார்த்தாக வேண்டியிருந்தது. அவள் அந்தத் தாயோடு போட்டி போடுவதாக நினைத்துக்கொண்டிருந்தாள். போட்டி எதற்கு? அவனுக்காக யோசிக்கும் பதவிக்கு. அந்தப் பதவியில் யார் ஜெயித்தாலும் அவன் யோசிக்கப்போவதில்லை.

அவன்

அவன் வருவான் என்று அவளே எதிர்பார்க்கவில்லை. வந்தான், சொன்ன நேரத்துக்கு முன்பே. தன் வேலையைப் பற்றிப் பேசும்போது வேறு ஆள். பொருள் வந்து சேரத் தாமதமானால் எந்த வேலையை முன்னால் நகர்த்துவது, யாரை எங்கே அனுப்புவது என்று இரவில் படுத்துக்கொண்டே திட்டம் போடுகிறவன். முன்கூட்டி உணரும் திறமை அவனுக்கு இல்லை என்று யாரும் சொல்ல முடியாது. வீட்டு வாசலில் அந்தத் திறமையைக் கழற்றி வைத்துவிடுகிறான்.

"நான் எதையும் கேட்கவில்லை. அம்மாவாகவே செய்கிறார்," என்றான்.

"வேண்டாம் என்று சொல்லிப் பார்த்தீர்களா?"

"ஒருமுறை சொன்னேன். துணியை நானே பார்த்துக்கொள்கிறேன் என்று."

"என்ன ஆனது?"

"மூன்று நாள் பேசவில்லை. அப்புறம் அப்பா சொன்னார், அம்மா சாப்பிடாமல் இருக்கிறார் என்று. நான் போய்த் துணியைக் கொடுத்துவிட்டு வந்தேன்."

இந்த மூன்று நாள் மௌனம்தான் இந்த நிகழ்வின் மையம். பெற்றோரின் கட்டுப்பாட்டை இரண்டு வகையாகப் பிரித்துப் பார்க்கும் ஆய்வு மரபு ஒன்று உண்டு. அமெரிக்க ஆய்வாளர் பிரையன் பார்பர் 1996-இல் எழுதிய கட்டுரைக்கு அதில் முக்கிய இடம் இருக்கிறது. எத்தனை மணிக்கு வர வேண்டும், யாரோடு போகலாம் என்று விதி வைப்பது ஒரு வகை. அன்பைத் திரும்பப் பெற்றுக்கொள்வது, குற்ற உணர்ச்சியைத் தூண்டுவது, பேச்சை நிறுத்துவது என்று மனத்தைப் பிடித்துக் கட்டுவது மற்றொரு வகை. முதல் வகை வெளியே தெரியும், எதிர்க்கலாம், வயதானால் தானே கழன்றுபோகும். இரண்டாவது வகைக்கு வயது வரம்பு கிடையாது. 31 வயதிலும் அது வேலை செய்யும், அதுவும் துவைத்து மடித்த துணி வடிவத்தில் வரும்போது.

அவன் சோம்பேறி என்று அவள் நினைத்திருந்தாள். அவன் சோம்பேறி இல்லை, பயந்தவன். அம்மா கோபப்படுவார் என்ற பயம்கூட இல்லை அது. அம்மா வாடிவிடுவார், அதற்குத் தான் காரணமாகிவிடுவோம் என்ற பயம். அதைத் தாங்க முடியாமல் ஒவ்வொரு முறையும் துணியைக் கொடுத்துவிட்டு வருகிறான்.

இதை அவன் குறையை மூடி மறைப்பதற்காகச் சொல்லவில்லை. பயத்துக்கு விலை கொடுத்தது அவன் அல்ல. அம்மாவின் வருத்தத்தைத் தவிர்ப்பதற்காக அவன் காதலியின் வருத்தத்தைச் செலவழித்துக்கொண்டிருந்தான். அவள் பேசாமல் இருக்க மாட்டாள், பட்டினி கிடக்க மாட்டாள் என்பதால் அவள் வருத்தம் மலிவாகிவிட்டது. அவனிடம் இதை இப்படியே சொன்னேன். நெடுநேரம் கழித்து, "ஆமாம்," என்றான்.

எங்கே தொடங்கியது

அவனுக்கு நான்கு வயதில் கடுமையான ஆஸ்துமா. பல இரவுகள் மருத்துவமனையில் கழிந்திருக்கின்றன. தாய் ஓர் ஆசிரியை. மகனுக்காக வேலையை விட்டார். மூச்சு வாங்கும் சத்தத்தைக் கேட்டே எந்த நேரத்தில் இன்ஹேலர் தேவைப்படும் என்று கண்டுபிடிக்கும் அளவுக்கு அவர் காது கூர்மையானது. அந்தக் கவனிப்பு அன்று மிகையல்ல. அவன் உயிரோடு வளர்ந்ததில் அதற்குப் பங்கு உண்டு.

பதின்ம வயதில் நோய் வெகுவாகத் தணிந்தது. கவனிப்பு தணியவில்லை. ஏன் என்று கேட்டால் தந்தையைப் பார்க்க வேண்டும். வேலை நிமித்தமாக மாதக்கணக்கில் வெளியூரில் இருந்தவர். ஓய்வு பெற்று வந்த பிறகும் வீட்டில் ஒரு விருந்தாளியைப் போலத்தான் இருந்தார். கணவனும் மனைவியும் பேசிக்கொள்வது மகன் மூலமாகத்தான்: "அப்பாவிடம் சொல்," "அம்மாவிடம் கேள்." மகன் தனி வீட்டுக்குப் போன பிறகு அந்த வீட்டில் இரண்டு பேர் மிஞ்சினார்கள், பேச எதுவும் இல்லாமல். சாவியை எடுத்துக்கொண்டு வாரத்தில் இரண்டு நாள் தாய் எங்கிருந்து கிளம்பி வந்தார் என்பதைப் பார்த்தால், அவர் எங்கே வந்தார் என்பதைவிட அது முக்கியமாகத் தெரிகிறது.

அமெரிக்க மனநல மருத்துவர் மர்ரே போவென் (1913–1990) குடும்பத்தை முக்கோணங்களாகப் பார்த்தார். இரண்டு பேருக்கு இடையே இறுக்கம் கூடினால் அவர்கள் மூன்றாவது ஒருவரை உள்ளே இழுப்பார்கள். அதனால் இறுக்கம் தீராது, இடம் மாறும். இந்தக் குடும்பத்தில் தாய்க்கும் தந்தைக்கும் இடையே இருந்த வெறுமை மகன் தலையில் இறங்கியிருந்தது. மகனுக்கும் தாய்க்கும் இடையே பேசப்படாமல் கிடந்தது காதலியின் தலையில் இறங்கியது. அவளும் தாயும் நேரில் பார்த்துக்கொண்டது சொற்பம். ஆனாலும் இருவரும் எதிரிகளாகிவிட்டார்கள். நடுவில் இருந்தவன் எந்தச் சண்டையிலும் இல்லாத நல்லவனாக இருந்தான்.

குடும்ப அமைப்பை வைத்துச் சிகிச்சை செய்யும் முறையை உருவாக்கியவர்களில் முதன்மையானவர், அர்ஜென்டினாவில் பிறந்த சால்வடார் மினூச்சின் (1921–2017). நீரிழிவு, ஆஸ்துமா போன்ற நோயுள்ள பிள்ளைகளின் குடும்பங்களோடு வேலை செய்த அவர், அத்தகைய சில குடும்பங்களில் ஒருவர் எல்லைக்குள் ஒருவர் கலந்துவிடுவதையும், அளவு மீறிய பாதுகாப்பையும், மாற மறுக்கும் இறுக்கத்தையும், சச்சரவைப் பேசித் தீர்க்க முடியாமையையும் எழுதினார். பிள்ளையின் நோய்க்குக் குடும்பத்தின்மேல் பழி போடுவதாகப் பின்னாளில் அந்தக் கருத்து விமர்சிக்கப்பட்டது. அந்த விமர்சனம் நியாயமானது: ஆஸ்துமா மூச்சுக்குழாயின் நோய், தாயின் குணத்தால் வருவதல்ல. ஆனால் நோய்க்காலத்தில் குடும்பம் எடுத்த வடிவம் நோய் போன பிறகும் கலையாமல் நிற்கும் என்பதை நான் பல குடும்பங்களில் பார்த்திருக்கிறேன். இங்கேயும் பார்த்தேன்.

செய்தது

பொதுவாக இத்தகைய ஆண்களுக்குச் சமையல் கற்றுக்கொள், துணி துவைக்கக் கற்றுக்கொள் என்று ஒரு பட்டியலைக் கொடுப்பார்கள். அதற்கு நான் எதிரி அல்ல. அவனும் ஒரு மாதத்துக்குள் எல்லாவற்றையும் கற்றுக்கொண்டான், அதில் கெட்டிக்காரன். ஆனால் அது சுலபமான பாதி. அம்மா முகம் வாடியிருக்கும்போது தன் முடிவில் நிற்பதுதான் அவன் கற்க வேண்டியிருந்த வித்தை.

அதற்கு அந்த வங்கிக் கணக்கை எடுத்துக்கொண்டோம். சிறிய காரியம், விண்ணப்பம் கொடுத்து எண்ணை மாற்றினால் முடிந்தது. அவள் கூடவே போகிறேன் என்றாள், படிவத்தைக்கூட எடுத்து வைத்திருந்தாள். வேண்டாம் என்று தடுத்தேன். அவள் செய்தால் அது 'அந்தப் பெண் செய்த வேலை' ஆகிவிடும். இந்தக் கட்டத்தில் அவளுக்கு நான் கொடுத்த வேலை மிகக் கடினமானது: நினைவூட்டாமல் இருப்பது. மருத்துவரிடம் போகும் தேதி தவறினால் தவறட்டும். கட்டணம் தாமதமானால் அபராதம் அவன் கட்டட்டும். அவள் பட்ட அவஸ்தையை நான் பார்த்தேன். வாயைக் கடித்துக்கொண்டு இருந்தாள். ஒருமுறை மின்சாரம் துண்டிக்கப்பட்டு அவன் இருட்டில் உட்கார்ந்திருந்த நாளில் எனக்குத்தான் அழைத்தாள், அவனுக்கு அழைக்கவில்லை.

எண்ணை மாற்ற அவனுக்கு ஆறு வாரம் ஆயிற்று. நான்கு வாரம் தள்ளிப்போட்டான். மாற்றிவிட்டு அம்மாவிடம் சொல்லாமல் விட்டுவிடலாமா என்று கேட்டான். அது கூடாது என்றேன். ஒளித்து வைத்த சுதந்திரம் திருட்டுத்தனமாகத்தான் இருக்கும். கண்டுபிடிக்கப்படும் நாளுக்காகக் காத்திருக்கும். என்ன சொல்வது, எத்தனை வாக்கியத்தில் சொல்வது என்று ஒத்திகை பார்த்தோம். அவன் கடைசியில் சொன்னது இது: "அம்மா, வங்கிக் கணக்கில் என் எண்ணை மாற்றிவிட்டேன். இத்தனை வருடம் நீங்கள் பார்த்துக்கொண்டீர்கள், இனி நான் பார்த்துக்கொள்கிறேன். அவள் சொல்லிச் செய்யவில்லை, நானாகச் செய்தேன்." கடைசி வாக்கியம்தான் அவனுக்குத் தொண்டையில் சிக்கியது. வழக்கமாக அவன், "அவளுக்குப் பிடிக்கவில்லை, அதனால்தான்" என்று தப்பிப்பான். தன் விருப்பத்தைக் காதலியின் விருப்பமாகச் சொல்லும் ஆண், தன் தாய்க்கு ஒரு எதிரியைத் தன் கையாலேயே செய்து கொடுக்கிறான்.

குடும்பத்தில் ஒருவர் தன் காலில் நிற்கத் தொடங்கினால் மற்றவர்கள் காட்டும் எதிர்ப்பைப் போவென் மூன்று படியாகச் சொல்லியிருக்கிறார்: நீ செய்வது தவறு, பழையபடி மாறிவிடு, மாறாவிட்டால் விளைவுகள் இவை. அதை அவனுக்கு முன்கூட்டியே விளக்கியிருந்தேன். அது அப்படியே நடந்தது. முதலில், பணத்தில் ஏமாந்துவிடுவாய் என்றார் அம்மா. பிறகு அவனுக்குப் பிடித்ததைச் சமைத்து எடுத்துக்கொண்டு வந்தார், எதுவுமே நடக்காததுபோல. மூன்றாவது வாரம், "நான் போய்ச் சேர்ந்தால்தான் உனக்கு நிம்மதி," என்றார்.

இந்த வாக்கியத்தைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். கேட்டவர்களில் பாதிப் பேர் இதை நாடகம் என்று ஒதுக்குவார்கள், மீதிப் பேர் உடனே பணிந்துவிடுவார்கள். இரண்டையும் செய்யக் கூடாது. உயிரைப் பற்றிய பேச்சு எதுவானாலும் நேராக எடுத்துக்கொள்ள வேண்டும். அவன் அன்றே போய், "சாக வேண்டும் என்று நினைக்கிறீர்களா, அம்மா?" என்று தெளிவாகவே கேட்டான். கேட்பதால் அந்த எண்ணம் உண்டாகாது. அப்பாவிடம் சொன்னான், அம்மாவைத் தனியாக விடாமல் பார்த்துக்கொள்ள ஏற்பாடு செய்தான், மருத்துவரிடம் அழைத்துப் போனான். வங்கிக் கணக்கின் எண்ணை மட்டும் திரும்ப மாற்றவில்லை. அன்பும் உறுதியும் ஒரே நாளில் ஒரே ஆளிடம் இருக்க முடியும் என்று அந்தத் தாய் முதன்முதலாகப் பார்த்தது அன்றுதான் என்று நினைக்கிறேன்.

மருத்துவர் மிதமான மனச்சோர்வு இருப்பதாகச் சொல்லிச் சிகிச்சை தொடங்கினார். எத்தனை வருடமாக இருந்ததோ. ஓயாமல் வேலை செய்துகொண்டே இருக்கும் தாயிடம் சோர்வு இருக்கிறதா என்று யார் பார்க்கிறார்கள்?

தாயோடு பேசியது

அவர் என்னைப் பார்க்க வந்தபோது கைப்பையை மடியில் இறுக்கிப் பிடித்தபடி உட்கார்ந்தார். குற்றவாளிக் கூண்டுக்கு வந்தவரைப் போலத்தான் வந்தார். நான் ஆஸ்துமா நாட்களைப் பற்றிக் கேட்டேன். ஒரு மணி நேரம் பேசினார். இருபது வருடமாக யாரும் அதைப் பற்றி அவரிடம் கேட்டதில்லை.

பேச்சின் முடிவில், "அவனுக்கு நான் தேவையில்லாமல் போய்விட்டேனா?" என்றார். அந்தத் தாய்மீது எனக்கு ஏற்பட்ட மரியாதையை எழுதாமல் இருக்க முடியாது. ஒரு தொழிலைத் துறந்து, ஓர் உயிரைக் காப்பாற்றியவருக்கு, அந்த வேலை முடிந்தது என்று ஒருவரும் சொல்லவில்லை; முடிந்த பிறகு போய் நிற்க ஓர் இடத்தையும் காட்டவில்லை. ஆங்கிலேயக் குழந்தை மருத்துவரும் உளப்பகுப்பாய்வாளருமான டொனால்ட் வினிகாட், போதுமான அளவு நல்ல தாய் என்றொரு கருத்தை 1953-இல் எழுதினார். தொடக்கத்தில் குழந்தையின் தேவைக்கு ஏறக்குறைய முழுவதுமாக இசைந்துபோகும் தாய், குழந்தையின் தாங்கும் சக்தி வளர வளரக் கொஞ்சம் கொஞ்சமாக அந்த இசைவைக் குறைத்துக்கொள்வார். அந்தக் குறைவும் தாய்மையின் பகுதிதான். நோயுற்ற குழந்தையின் தாய்க்கு அந்தக் குறைவு ஆபத்தாகவே தெரிந்திருக்கும். அவர் குறைக்கவில்லை.

துணிப்பையைப் பற்றியும் கேட்டேன். "அவள் பொருள் தொலைந்துபோகக் கூடாது என்றுதான்," என்றார். பிறகு, "அங்கே அவள் பொருளைப் பார்க்க எனக்குக் கஷ்டமாக இருந்தது," என்றார். இரண்டும் உண்மை. அவருக்கு அந்த இரண்டாவது வாக்கியத்தைச் சொல்ல முடிந்தது எனக்குப் பெரிய விஷயமாகத் தெரிந்தது.

தந்தையையும் ஒரு அமர்வுக்கு அழைத்தேன். அதிகம் பேசவில்லை. மகன் விலகியதும் வீட்டில் அவரும் மனைவியும் தனியாக மாட்டிக்கொண்டார்கள். முதல் இரண்டு மாதம் ஓயாத சண்டை. அது எனக்குக் கவலை தரவில்லை. 30 வருடத்துக்குப் பிறகு மகனை இடையில் வைக்காமல் அவர்கள் நேராகப் போட்ட சண்டை அது.

எங்கே வந்து நிற்கிறது

ஓர் ஆண்டு கழிந்திருக்கிறது. சாவியை அவன் திரும்ப வாங்கிக்கொண்டான். அம்மா வருவதாக இருந்தால் முன்கூட்டிச் சொல்லிவிட்டு வருகிறார், சில சமயம் சொல்லாமலும் வருகிறார். அப்போது அவன்தான் பேசுகிறான், அவள் பேச வேண்டியிருப்பதில்லை. அவன் வீட்டுக் காரியங்களைத் தன் வேலையைப் போலவே நடத்துகிறான். எது எப்போது தீரும் என்று அவனுக்குத் தெரிகிறது. இடையில் இருமுறை பழைய நிலைக்குச் சரிந்தான். ஒருமுறை காய்ச்சலில் படுத்தபோது பத்து நாள் அம்மா வீட்டிலேயே தங்கிவிட்டான், காதலிக்குச் செய்திகூட அம்மாவிடமிருந்துதான் போனது. அவள் அந்தப் பத்து நாளில் உறவை முறித்துக்கொள்ளும் முடிவுக்கு வந்துவிட்டாள். அவன் எழுந்து வந்து தானாகவே அதைப் பற்றிப் பேச்செடுத்ததால் நின்றாள். அவன் வந்திருக்காவிட்டால் போயிருப்பாள், நான் தடுத்திருக்க மாட்டேன்.

இதே கேள்வியோடு வரும் எல்லோருக்கும் இப்படி அமையாது. அவன் ஆலோசனைக்குத் தானாக வந்தான், அதுவே பாதி. அவனிடம் மாற வாய்ப்பிருக்கிறது என்று எனக்குக் காட்டியது அந்த 'ஆமாம்'. அம்மாவிடம் இதைச் சொல்ல முடியாது என்று பயப்படுகிறவனோடு வேலை செய்யலாம். அதில் என்ன தவறு, என் அம்மா மாதிரி நீயும் இரு என்கிறவனோடு காத்திருக்கும் பெண் தன் வருடங்களைத்தான் செலவழிக்கிறாள். தாய் செய்யும் வேலைகளின் எண்ணிக்கையைப் பார்த்து எதையும் முடிவு செய்ய முடியாது. பெற்றோருடன் ஒரே கூரையின்கீழ் இருந்துகொண்டே தன் முடிவைத் தான் எடுக்கிறவர்கள் இருக்கிறார்கள். தொலைதூரத்தில் தனியாக இருந்துகொண்டு, அம்மாவோடு பேச்சையே அறுத்துக்கொண்டும் அம்மாவின் பிடியிலேயே இருப்பவர்களும் இருக்கிறார்கள். அப்படி அறுத்துக்கொள்வது அதே சிக்கலின் மறுபக்கம் என்றுதான் போவென் பார்த்தார். அதனால்தான், "அம்மாவா நானா என்று கேட்டுவிடட்டுமா?" என்று ஆரம்பத்தில் அவள் கேட்டபோது வேண்டாம் என்றேன். அந்தக் கேள்விக்கு அவன் எந்தப் பதில் சொன்னாலும், முடிவை அவனுக்காக இன்னொருவர் எடுத்ததாகத்தான் இருந்திருக்கும்.

தாயும் அவளும் தோழிகளாகிவிடவில்லை. மரியாதையோடு பேசிக்கொள்கிறார்கள், பேச்சு சீக்கிரம் தீர்ந்துவிடுகிறது. தாய் இப்போது பக்கத்து வீட்டுப் பிள்ளைகள் இரண்டு பேருக்குப் பாடம் சொல்லிக் கொடுக்கிறார். காலையில் மகனை அழைப்பதை மட்டும் நிறுத்தவில்லை. அவன் அலாரம் வைத்து எழுந்து, அழைப்பு வரும்போது காபி கலந்துகொண்டே ஐந்து நிமிடம் பேசுகிறான். அவளுக்கு அதில் ஆட்சேபம் இல்லை.

இப்போது புதிதாக ஒரு கருத்து வேறுபாடு முளைத்திருக்கிறது. திருமணம் செய்துகொண்டு குழந்தை பிறந்தால், இருவரும் வேலைக்குப் போகும்போது குழந்தையை யார் பார்ப்பது? அம்மாவைவிடப் பொருத்தமானவர் யார் என்கிறான் அவன். நோயாளிக் குழந்தையை வளர்த்தவர் என்பதால் அவர் கவனமாக இருப்பார் என்று அவளுக்கும் தெரியும். அந்தக் கவனத்தைத்தான் நினைத்துப் பயப்படுகிறாள். இருவரும் அதை வீட்டில் கத்தாமல் பேசிப் பார்த்திருக்கிறார்கள், முடிவு வரவில்லை. அடுத்த அமர்வுக்கு அதைத்தான் கொண்டுவருகிறார்கள். அதற்கு நேரம் கேட்டு எனக்கு அழைத்தது அவன்.